எதிரி வீட்டுப் பெட்டியில் ஒரு அப்பாவின் கடிதம்

யூவெல்ம் தேவாலயத்தின் கல்தரையில் நான் மல்லாந்து படுத்திருந்தபோது அம்மா கேட்டது இதைத்தான்: "யாராவது உள்ள வந்தா என்னடா நினைப்பாங்க?" ஆக்ஸ்ஃபோர்டுஷையரில், ஓடையை ஒட்டிய சின்னக் கிராமம் அது. கோடைக்கு இங்கே வந்திருந்த அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போயிருந்தேன். கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி ஆலிஸ் சாசர் அங்கே அடக்கமாகியிருக்கிறாள். இறந்தது 1475-ல். கல்லறையின் மேல்தட்டில் சஃபோக் கோமகளாக, தலையில் சிறு கிரீடமும் இடக்கையில் கார்ட்டர் என்ற அரச விருதின் பட்டையுமாக, கைகூப்பிப் படுத்திருக்கிறாள். கீழ்த்தட்டில், கல்லில் குடைந்த சாளர வேலைப்பாட்டுக்குப் பின்னால், அதே ஆலிஸ் வற்றி உலர்ந்த பிணமாகக் கிடக்கிறாள். அந்தப் பிணத்தின் முகத்துக்கு நேர் மேலே கல்லில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்: மகதலேனா மரியாள், திருமுழுக்கு யோவான், மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி. நின்றால் தெரியாது, குனிந்தாலும் தெரியாது. பிணத்தைப் போலவே தரையோடு தரையாகப் படுத்தால்தான் தெரியும். அதனால் படுத்தேன்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது அம்மா மேல்தட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல களையான முகம். இந்தம்மா வீட்டுக்காரர் எங்க?" என்றாள். வீட்டுக்காரர் அங்கே இல்லை. சஃபோக் டியூக்கான வில்லியம் டி லா போலின் தலையை 1450 மே 2 அன்று நடுக்கடலில், ஒரு படகின் பக்கவாட்டில் சாய்த்துத் துருப்பிடித்த வாளால் வெட்டினார்கள். அரை டஜன் வெட்டு தேவைப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு, கப்பலேறும் நாளில், அவர் தன் ஏழு வயது மகன் ஜானுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று அம்மா கேட்டாள். எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். ஐந்தாறு வருடமாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கடிதம் அது.

அதில் வரிசையாகக் கட்டளைகள். முதலில் கடவுளிடம் அன்பும் அச்சமும். அடுத்து மன்னருக்கு நெஞ்சாலும் நினைப்பாலும் செயலாலும் உண்மையாயிரு. அதற்கு மாறாக நடப்பதைவிடச் செத்துப்போ. மூன்றாவது, உன் தாய்க்குக் கீழ்ப்படி, எல்லாக் காரியத்திலும் அவள் யோசனையை நம்பு, வேறு யாராவது மாற்றிச் சொன்னால் அவர்களை விட்டு ஓடு. பிறகு கர்வம் பிடித்தவர்கள், பேராசைக்காரர்கள், முகத்துதி பாடுகிறவர்கள் ஆகியோரின் சகவாசம் வேண்டாம். உன் சொந்தப் புத்தியை மட்டும் நம்பி எதிலும் இறங்காதே. கடைசியில், இந்த நாட்டைவிட்டு நான் போகும் நாளில் என் கையாலேயே எழுதியது என்று குறித்துவிட்டு, உண்மையும் அன்பும் உள்ள உன் அப்பா, சஃபோக் என்று கையெழுத்து.

கேட்டு முடித்ததும் அம்மா, "பாவம், நல்ல மனுஷன்" என்றாள். இதைப் படிக்கிற எல்லோரும் சொல்வது அதைத்தான். முதல் தடவை நானும் சொன்னேன். பிறகுதான் இந்தக் கடிதம் எங்கிருந்து நமக்குக் கிடைத்தது என்று யோசித்தேன். மகன் ஜானின் குடும்பத்திலிருந்து கிடைக்கவில்லை. இந்த டியூக்கின் அடியாட்களால் வருடக்கணக்கில் அல்லல்பட்ட நார்ஃபோக் குடும்பம் ஒன்று இருக்கிறது, பாஸ்டன்கள். அவர்களின் காகிதக் கட்டுக்குள்தான் இதன் பிரதி இருந்தது. நம்மை வாட்டியவன் தன் பிள்ளைக்கு எழுதிய புத்திமதியை நாம் எதற்குப் படியெடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்?

கம்பளியிலிருந்து கோமகன் வரை

டி லா போல்கள் பரம்பரைப் பிரபுக்கள் அல்ல. ஹல் துறைமுகத்தில் கம்பளியும் ஒயினும் விற்ற வியாபாரிகள். (மார்கரெட் போல், கர்தினால் ரெஜினால்ட் போல் வரும் போல் குடும்பம் வேறு. நானே பல நாள் குழம்பியிருக்கிறேன்.) டியூக்கின் கொள்ளுத்தாத்தாவான முதல் வில்லியம் 1332-ல் ஹல் நகரின் முதல் மேயர் ஆனார். மூன்றாம் எட்வர்ட் பிரான்ஸோடு சண்டைக்கு இறங்கியபோது பணம் புரட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1337-ல் 30,000 மூட்டைக் கம்பளியை வியாபாரிகள் மொத்தமாக ஏற்றுமதி செய்து மன்னருக்கு 2,00,000 பவுண்டு கடன் தருவது என்று ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். அது பாதியிலேயே படுத்துவிட்டது. அதன்பிறகு 1338-39-ல் ஒன்றரை வருடத்துக்குள் வில்லியம் தனியாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் மன்னருக்குத் திரட்டிக் கொடுத்தார். 1340 நவம்பர் கடைசியில் கையில் காசில்லாமல் கடுப்போடு லண்டன் திரும்பிய எட்வர்ட் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இந்த வில்லியமைப் பிடித்துச் சிறையில் போட்டது. கடன்காரன் கடன் கொடுத்தவனைச் சிறைவைத்த கதை. பின்னாளில் மன்னர் தர வேண்டிய பாக்கியைத் தள்ளுபடி செய்துகொடுத்துத்தான் அவர் முழு மன்னிப்பு வாங்கினார். அதே காலத்தில் எட்வர்டுக்குக் கடன் கொடுத்த ஃப்ளோரன்ஸின் பார்டி, பெருஸ்ஸி வட்டிக்கடைகள் திவாலாயின. ஹல்காரர் மட்டும் தப்பிப் பிழைத்து 1366-ல் படுக்கையில் செத்தார். இந்தக் கதையில் படுக்கையில் சாவது சாதாரண விஷயம் அல்ல.

மகன் மைக்கேல் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாளை எடுத்தார். சஃபோக் பகுதியில் கேதரின் விங்ஃபீல்டைக் கல்யாணம் செய்துகொண்டதில் நிலம் வந்தது. 1383-ல் சான்சலர் (மன்னரின் முதன்மை அமைச்சர்), 1385-ல் சஃபோக் ஏர்ல் (டியூக்குக்குக் கீழான பிரபுப் பட்டம்). வியாபாரி பெற்ற பிள்ளைக்குப் போரைவிடச் சரக்குதான் தெரியும் என்று காலக்குறிப்பு எழுதிய ஒரு துறவி குத்திக்காட்டினார். அடுத்த வருடமே நாடாளுமன்றம் இவரைப் பதவியிலிருந்து தூக்கக் கேட்டது. நீங்கள் கேட்டு என் அடுக்களை எடுபிடியைக்கூட நீக்க மாட்டேன் என்று இரண்டாம் ரிச்சர்ட் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அப்புறம் நீக்கத்தான் வேண்டியிருந்தது. மைக்கேல் நாட்டைவிட்டு ஓடி 1389-ல் பாரிஸில் இறந்தார். பட்டம் பிறகு மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த மகன் 1415-ல் பிரான்ஸின் ஹார்ஃப்ளூர் முற்றுகையில் சீதபேதியில் செத்தார். அவருடைய மூத்த பிள்ளை அடுத்த மாதமே அஜின்கோர்ட் போரில் விழுந்தார். இரண்டு பிணத்தைத் தாண்டி, 19 வயதில், இளையவரான நம் கடிதக்காரர் ஏர்ல் ஆனார்.

இவரைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று. 1429-ல் ஜார்ஜோவில் ஜோன் ஆஃப் ஆர்க்கின் படை ஊரைப் பிடித்தபோது ஒரு பிரெஞ்சு இளைஞன் இவரை மடக்கினான். நீ நல்ல குடும்பத்தவனா என்று கேட்டார். ஆம் என்றான். நைட் பட்டம் வாங்கியவனா? இல்லை. அப்படியே அவனை மண்டியிடச் சொல்லி, அங்கேயே நைட் ஆக்கிவிட்டு, பிறகுதான் சரணடைந்தாராம். கம்பளி விற்றவரின் கொள்ளுப்பேரன், தன்னைவிடக் கீழான ஒருவன் கையில் சிக்கியதாகப் பெயர் வரக் கூடாது என்று பார்த்திருக்கிறார்! நான்காவது தலைமுறைக்காரருக்குத்தான் குலப்பெருமை அதிகம் உறுத்தும் போலும். அந்தச் சிறைமீட்புக்கு 20,000 பவுண்டு கொடுத்தேன் என்று பிற்பாடு நாடாளுமன்றத்தில் சொன்னார்.

ஊர் திரும்பியபின் மன்னர் ஆறாம் ஹென்றியின் வலதுகை. மன்னர் சாது. யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் ஆட்சி. ஹென்றிக்கு அஞ்சுவின் மார்கரெட்டைப் பேசி முடித்து, 1444-ல் தூர் நகரத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாகத் தானே நின்று நிச்சயம் செய்தார். அந்தச் சமாதானத்துக்காக மேன் மாகாணத்தை பிரான்சுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது பழி முழுவதும் இவர் தலையில் இறங்கியது. 1448-ல் டியூக் ஆனார். 1449-ல் பிரான்ஸில் ஆங்கிலேயர் கையிலிருந்த ரூவான் நகரமும் பறிபோனது.

நார்ஃபோக்கில் நடந்தது இன்னொரு கதை. தாமஸ் டட்டன்ஹாம், ஜான் ஹெய்டன் என்று டியூக்கின் ஆட்கள் இருவர். நீதிபதியும் ஷெரிஃபும் இவர்கள் பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு சாதாரண நிலக்காரன் எங்கே போய் முறையிடுவது? ஹெய்டன் தூண்டிவிட, மோலின்ஸ் பிரபு என்கிற ஒரு வாலிபர் பாஸ்டன்களின் கிரெஷாம் பண்ணைவீட்டைப் பிடுங்கினார். 1450 ஜனவரியில் அவருடைய ஆட்கள் மார்கரெட் பாஸ்டன் இருந்த அறையின் சுவரைக் கீழிருந்து குடைந்து, அவளை வெளியே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அதே மாதத்தில்தான் நாடாளுமன்றத்தில் டியூக் எழுந்து, என் அப்பா ஹார்ஃப்ளூரில் செத்தார், அண்ணன் அஜின்கோர்ட்டில், 17 வருடம் இந்த மண்ணையே பார்க்காமல் பிரான்ஸில் போரிட்டேன், நானா துரோகி என்று கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அடுத்த சில நாளில் அவர் லண்டன் டவர் கோட்டைச் சிறையில் இருந்தார்.

கப்பலின் பெயர்

ராஜத்துரோகக் குற்றம் நிரூபணமானால் தலை போகும். மன்னர் குறுக்கே விழுந்து, மே 1-லிருந்து ஐந்தாண்டு நாடுகடத்தல் என்று முடித்துவைத்தார். இதற்குள் ஊரெல்லாம் ஜாக் நேப்ஸ் என்று அவரைக் கேலி செய்து பாட்டுப் பாடியது. டியூக்கின் சின்னத்தில் பழக்கிய குரங்கைக் கட்டிப்போடும் சங்கிலியும் கட்டையும் இருந்ததால் வந்த பட்டப்பெயர் அது. இப்ஸ்விச்சில் கப்பலேறினார். டோவர் அருகே இன்னொரு கப்பல் வழிமறித்தது. டவரின் அபாயத்தைத் தாண்டிவிட்டால் உனக்குப் பயமில்லை என்று அவருக்கு முன்பு யாரோ குறி சொல்லியிருந்தார்களாம். வந்த கப்பலின் பெயரைக் கேட்டார். நிக்கோலஸ் ஆஃப் தி டவர் என்றார்கள். அங்கேயே நெஞ்சு விட்டுப்போனது. துரோகியே வருக என்று வரவேற்று, கப்பலிலேயே ஒரு விசாரணை நடத்தி, படகில் இறக்கி, அங்கிருந்தவர்களில் மிகக் கடைநிலைக்காரன் ஒருவன் தலையைச் சாய்க்கச் சொன்னான். ஜார்ஜோவில் நைட் அல்லாதவனிடம் சரணடைய மறுத்தவருக்கு இப்படி ஒரு முடிவு. அங்கியையும் வெல்வெட் மேற்சட்டையையும் உருவிக்கொண்டு உடலை டோவர் மணலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது மே 5 அன்று வில்லியம் லோம்னர் என்பவர் மார்கரெட்டின் கணவர் ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதத்தால். அது தொடங்கும் விதத்தைப் பாருங்கள்: சொல்லப்போவதை நினைத்து மிக வருந்துகிறேன், என் கண்ணீரில் நனைந்து இந்தத் தாளில் எழுத்தே சரியாகத் தெரியாது. பாஸ்டனின் நண்பர், பாஸ்டனைப் படாதபாடு படுத்தியவனுக்காக அழுகிறார். அது கிண்டல் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு வெட்டு, துருப்பிடித்த வாள், உருவிய சட்டை என்று இவ்வளவு கணக்காகப் பார்த்து எழுதுகிறவன் அந்த இடத்தில் கிண்டல் செய்ய மாட்டான். எதிரி விழ வேண்டும் என்று நினைப்பது வேறு, மணலில் தலையில்லாமல் கிடப்பதைக் கேள்விப்படுவது வேறு. மகனுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி பாஸ்டன் வீட்டுக்குள் போனதும் அந்த மாதிரி ஒரு மனநிலையில்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அழகான விளக்கம். 1465-ஐப் படிக்கும்வரை அது போதுமானதாகவும் இருந்தது.

ஹெல்ஸ்டன்

1465 அக்டோபர். கடிதம் பெற்ற சிறுவன் ஜானுக்கு இப்போது 23 வயது, சஃபோக் டியூக். நார்விச் பக்கத்தில் ஹெல்ஸ்டன், டிரேட்டன் என்று இரண்டு பண்ணைகள் பாஸ்டன்கள் கையில். அவை தங்களுக்குச் சேரவேண்டியவை என்பது டியூக்கின் வாதம். அவருடைய ஆட்கள் ஹெல்ஸ்டனுக்குள் புகுந்தார்கள். வீட்டை இடித்தார்கள். பாஸ்டனின் குடியானவர்களையே கூப்பிட்டுச் சுவரை இடிக்கவைத்தார்கள். தேவாலயத்துக்குள் போய், பலிபீடத்தின்மேல் ஏறி நின்று, சிலைகளில் இருந்ததைக்கூடத் துழாவி எடுத்துக்கொண்டு போனார்கள். மார்கரெட் பாஸ்டன் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கணவனுக்கு எழுதினாள்: கண்ணால் காணாத யாரும் அது எவ்வளவு கேவலமாகக் கிடக்கிறது என்று நம்ப மாட்டார்கள். பதினைந்து வருடம் முன்பு சுவரைக் குடைந்து வெளியே தூக்கிவந்தார்களே, அதே மார்கரெட்.

கர்வமும் பேராசையும் உள்ளவர்களிடம் சேராதே என்று அப்பா எழுதிய வரியை வைத்துக்கொண்டு ஹெல்ஸ்டனைப் படித்த இரவில் எனக்குக் கடிதத்தின்மேலேயே கோபம் வந்தது. அந்த அப்பாவைச் சுற்றி இருந்தவர்களே அப்படிப்பட்டவர்கள்தானே? டட்டன்ஹாமும் ஹெய்டனும் வேறு யார்? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிரதி மார்கரெட்டின் வீட்டுக் காகிதங்களோடு இருந்தது. பிள்ளைக்கு அப்பன் சொன்னது இது, பிள்ளை செய்தது இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தவர்கள் இங்கிலாந்தில் அவர்கள்தான். பாஸ்டன்கள் வழக்காடிப் பழகியவர்கள். தாத்தா ஏர் ஓட்டினான் என்று ஊர் சிரித்த குடும்பம், ஒரு நீதிபதியைப் பெற்று மேலே வந்தது. பத்திரம் எதையும் தூக்கியெறிய மாட்டார்கள். இரக்கத்தால் வைத்திருந்தார்களோ, ஆதாரமாக வைத்திருந்தார்களோ. இன்றைக்கு என்னைக் கேட்டால், இரக்கத்தில் உள்ளே வந்தது, ஆதாரமாகத் தங்கியது என்பேன்.

மூன்றாவது கட்டளை

கோபம் அடங்க நாளானது. அடங்கியபின் யோசித்தால், ஜான் அப்பா பேச்சை மீறியவன் என்றும் சொல்ல முடியாது. கடிதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. மன்னருக்காகச் சாகவும் தயாராயிரு என்பது இரண்டாவது கட்டளை. தாய் சொல்வதை அப்படியே கேள் என்பது மூன்றாவது. தாயும் மன்னரும் எதிரெதிரே நின்றால்?

நின்றார்கள். கணவன் செத்த அதே வருடத்தின் கடைசியில், அரசவையிலிருந்து விலக்க வேண்டியவர்கள் என்று நாடாளுமன்றம் கொடுத்த பட்டியலில் ஆலிஸ் பெயரும் இருந்தது. ஆலிஸ் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ஏற்கெனவே இரண்டு கணவர்களைப் பிரான்ஸ் போரில் பறிகொடுத்தவள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டியூக் உயிரோடு இருந்தபோது மகனுக்கு மார்கரெட் போஃபோர்ட் என்ற அரசவம்சத்துச் சிறுமியைக் கட்டிவைத்திருந்தார், இருவரும் குழந்தைகள். 1453-ல் அது ரத்தானது. 1458 வாக்கில் ஆலிஸ் மகனுக்கு யார்க் டியூக்கின் மகள் எலிசபெத்தை மணமுடித்தாள். கணவனின் அரசியல் எதிரியின் வீட்டில் சம்பந்தம். 1461-ல் எலிசபெத்தின் அண்ணன் நான்காம் எட்வர்ட் ஆகிச் சிம்மாசனம் ஏறியபோது, ஜான் அவர்கள் பக்கம் இருந்தான். அப்பா யாருக்காகச் சாகச் சொன்னாரோ அந்த ஆறாம் ஹென்றியை விட்டுவிட்டு. பிறகு அந்த ஹென்றியின் ராணி, டியூக் போய்ப் பேசி அழைத்துவந்த மார்கரெட், தோற்றுப் பிடிபட்டு வாலிங்ஃபோர்டில் ஆலிஸின் காவலில் வந்து இருந்தாள். அந்த இரண்டு பெண்களும் மாலையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆலிஸ் செய்தது கெட்டிக்காரத்தனம். வீட்டைக் காப்பாற்றினாள், மகனை டியூக்காக நிலைநிறுத்தினாள். ஆனால் அந்தக் கல்யாணத்தில் பிறந்த பேரன்கள் ஒவ்வொருவரின் உடம்பிலும் அரச ரத்தம் ஓடியது. டியூக்கின் கொள்ளுத்தாத்தா மன்னருக்குப் பணம் கொடுத்துச் சிறைக்குப் போனார், டியூக்கின் தாத்தா ஆலோசனை கொடுத்து நாடிழந்தார், டியூக் மன்னர் பெயரில் ஆட்சி செய்து தலையிழந்தார். பேரன்கள் எதுவுமே செய்யத் தேவையில்லாமல் போனது. பிறந்ததே போதும்.

1485-ல் சிம்மாசனத்துக்கு வந்த ஏழாம் ஹென்றி யார் பெற்ற பிள்ளை தெரியுமா? ஜானுக்கு முதலில் கட்டிவைத்த அந்தச் சிறுமி மார்கரெட் போஃபோர்டின் பிள்ளை. ஜான் அவனுக்கும் உண்மையாகவே இருந்தான். ஆறாம் ஹென்றி தொடங்கிச் சிறுவன் ஐந்தாம் எட்வர்ட் உட்பட ஐந்து மன்னர்களைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் தலைவணங்கி, படுக்கையில் செத்தான். மூத்த மகன் லிங்கன் ஏர்ல், 1487-ல் லாம்பர்ட் சிம்னெல் என்ற பொய் இளவரசனை முன்னிறுத்திக் கிளம்பி ஸ்டோக் போரில் மாண்டான். சொத்தில் பெரும்பங்கு அரசுக்குப் போனது. அடுத்தவன் எட்மண்ட் டியூக் பட்டத்தைத் தாங்கும் வருமானம் இல்லாமல் 1493-ல் ஏர்லாக இறங்க ஒப்புக்கொண்டு, பறிபோன நிலத்தில் ஒரு பகுதியை மீட்க மன்னருக்கு 5,000 பவுண்டு தவணையில் கட்ட எழுதிக்கொடுத்தான். மன்னருக்கே கடன் கொடுத்த வீடு! பிறகு அவன் ஐரோப்பாவுக்குத் தப்பி ஓடினான். ஆகன் நகரத்தில் கடன் முட்டியதும் தம்பி ரிச்சர்டைக் கடன்காரர்களிடம் பிணையாக விட்டுவிட்டு நகர்ந்தான். 1506-ல் ஏழாம் ஹென்றி கைக்கு வந்து சேர்ந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்கு வாங்கித்தான் ஒப்படைத்தார்கள். 1513-ல் எட்டாம் ஹென்றி தலையை வாங்கினான். பிணையாகக் கிடந்த ரிச்சர்ட் எப்படியோ தப்பி, யார்க் வம்சத்தின் சின்னமான வெள்ளை ரோஜா என்ற பெயரோடு அரசவை அரசவையாக அலைந்து, 1525-ல் இத்தாலியின் பவியாவில் பிரெஞ்சு மன்னருக்காகப் போரிட்டுச் செத்தான். இன்னொரு சகோதரன், தாத்தாவின் பெயரையே வைத்த வில்லியம், சுமார் 37 வருடம் டவரில் அடைபட்டிருந்து 1539-ல் இறந்தான். அவன் என்ன செய்தான் என்று தேடினால் அண்ணனின் தம்பி என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தட்டுப்படாது.

யூவெல்மில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆலிஸும் டியூக்கும் 1437-ல் பதின்மூன்று ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய அறச்சாலையில் இப்போதும் முதியவர்கள் வசிக்கிறார்கள். பக்கத்திலேயே தொடங்கிய பள்ளிக்கூடத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். செங்கல் முற்றத்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். அம்மா அதைத்தான் ரசித்துப் பார்த்தாள், கல்லறையை அல்ல.

காரில் திரும்பும்போது வெகுநேரம் பேசாமல் வந்தவள் திடீரென்று கேட்டாள், "அந்தப் பையன் அந்த லெட்டரைப் படிச்சானா?"

"படிச்சிருப்பான்மா."

"அம்மா பேச்சைக் கேட்டானா?"

"கேட்டான்."

"அப்புறம் என்ன, நல்ல பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஹெல்ஸ்டனைச் சொல்ல வாயெடுத்தேன். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.